ஏழாம் நம்பர் மரம்

டீக்கடையில் காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்த அந்த இறகைப் பார்த்தபோது என் டம்ளரில் பாதி டீ மிச்சமிருந்தது. முழங்கை நீள இறகு. வெள்ளை வெளேர் என்று கிளம்பி, நுனிக்குச் சற்று முன்னால் கறுப்புப் பட்டை. பெயின்டர் நூல் பிடித்து அடித்த மாதிரி அவ்வளவு நேர்த்தி. இந்தப் பட்டையை மூன்று வருஷமாக போட்டோவிலும் பைனாகுலரிலும் பார்க்கிறேன். கைக்கு எட்டும் தூரத்தில் பார்த்தது அன்றுதான்.

"இதை எனக்குக் குடுத்துடுங்களேன்ணே" என்றேன், வாங்க வந்தவன் குரலில். கவலைப்பட்டுக் கேட்டால் கடைக்காரர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். ஆசைப்பட்டுக் கேட்டால் சரக்கின் ஜாதகத்தையே சொல்வார்கள்.

"சும்மாவா? கரண்டு கம்பியில அடிபட்டு விழுந்த பறவைப்பா. இந்த வளைவுல. றெக்கையை விரிச்சா நீ உக்காந்திருக்கிற பெஞ்சு நீளம். ரோடு போடுற பசங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க. அழுது அடம்பிடிச்சு இது ஒண்ணு வாங்கினேன்."

"கண்ணு என்ன கலரு?"

"செத்ததுக்குக் கண்ணு கலரு பார்த்துப் பொண்ணா குடுக்கப் போறோம்?" என்று சிரித்தவர் கொஞ்சம் யோசித்தார். "சிவப்பு. நல்ல சிவப்பு. ஆமா, பார்த்தேன்."

"எப்போ நடந்துச்சு?"

"பால் வராத அன்னைக்கு. திங்கக்கிழமை காலையில."

அன்று வெள்ளிக்கிழமை. மிச்ச டீயை என்ன செய்தேன் என்று ஞாபகம் இல்லை.

சிவப்புக் கண் என்றால் ஆண் இருவாச்சி. அந்த வளைவுக்கு மேலே இருநூறு அடி ஏறினால் ஏழாம் நம்பர் மரம். ஏழாம் நம்பர் மரத்துக்கு வியாழக்கிழமை ஆண் பறவை ஒன்பது தடவை வந்து, அறுபத்தி இரண்டு பழமும் ஒரு ஓணானும் கொடுத்துவிட்டுப் போனதாக, அன்று காலைதான் நான் என் கையால் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தேன்.

இருவாச்சியின் கதையை வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன் சொன்னால் இப்படித்தான் சொல்வான். பருந்தைவிடப் பெரிய பறவை. மஞ்சள் அலகு, அதன் மேல் இன்னொரு அலகைக் கவிழ்த்துவைத்த மாதிரி ஒரு கொண்டை. பறந்தால் பழைய பஸ் மேடு ஏறுகிற சத்தம் வரும். பெண், உயரமான மரத்தில் பொந்து பார்த்து உள்ளே போய் உட்கார்ந்து, தன் எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்து வாசலைத் தானே பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுனி நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். அடைந்ததும் இறக்கையிலும் வாலிலும் இருக்கிற பெரிய இறகுகளை உதிர்த்துவிடும். முட்டையிட்டு, நாற்பது நாள் அடைகாத்து, குஞ்சு ஓரளவு தேறி, தனக்குப் புது இறகு முளைத்து வெளியே வரும்வரை, ஆண் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாகக் கொடுப்பதுதான் இரண்டு உயிருக்கும் சாப்பாடு. எங்கள் கடைத்தெருவில் இப்படி ஓர் ஒப்பந்தத்துக்கு எந்த மடையனும் சம்மதிக்கமாட்டான். ஜாமீன் கிடையாது, சாட்சி கிடையாது, மாற்று ஆள் கிடையாது. ஒரே ஒரு ஆளை நம்பி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வது.

நான் காட்டில் வேலை பார்க்கிறேன் என்று உறவுக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். உண்மையில் நான் பார்ப்பது தகரக் கூரை போட்ட அறையில் ஒரு கம்ப்யூட்டரை. பறவை ஆராய்ச்சி நிலையத்தின் குமாஸ்தா. நிலையத்தை நடத்துகிறவர் டாக்டரம்மா. ஊசி போடும் டாக்டர் இல்லை, இருவாச்சியைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவர். ஐம்பது வயது, சத்தமாகப் பேசாதவர். நம்பர் போட்ட மரங்களில் அந்த வருஷம் பறவை அடைந்தது நாலு பொந்தில்; அவருக்குக் கீழே நாலு காவலாளி. ஆளுக்கு ஒரு மரம். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை மரத்தடியில் இலை மறைப்பில் உட்கார்ந்து, ஆண் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பழம், எவ்வளவு நேரம் நின்றது என்று தாளில் குறிக்கவேண்டும். மறுநாள் தாள் என் மேஜைக்கு வரும். நாலு மாதத்தில் குஞ்சு பறந்துவிடும். அன்றோடு அந்த வருஷத்து வேலையும் பறந்துவிடும்.

மூன்றாம் மரத்துக் காவலாளியை மணிக்கூண்டு என்போம். உயரம், எந்நேரமும் ஒரே இடத்தில் நிற்பான். அவன் தாளைப் பார்த்தால் அழுகையும் வரும் சிரிப்பும் வரும். "8.10 வந்தது. உட்கார்ந்தது. யோசித்தது. கொடுக்காமல் போய்விட்டது." "மழை. கண்ணாடியில் தண்ணி. பழம் எண்ண முடியவில்லை, பத்து இருக்கலாம்." "வயிறு சரியில்லை, பதினைந்து நிமிடம் நான் மரத்தைப் பார்க்கவில்லை, மன்னிக்கவும்." இன்னொரு மரத்துத் தாளில் அட்டை கடித்த ரத்தம்கூட இருக்கும். ஏழாம் மரத்துத் தாள் மட்டும் கல்யாணப் பத்திரிகை போல வரும். 6.20, 7.45, 9.10. ஒரு நாள் ஒன்பது தடவை, மறுநாள் எட்டு, அடுத்த நாள் ஒன்பது. வந்துவிட்டுக் கொடுக்காமல் போனது என்று ஒன்றுகூடக் கிடையாது. மழைக்குக்கூட அந்த மரத்தடியில் மரியாதை தெரிந்திருந்தது.

என் அப்பா தானிய மொத்த வியாபாரி. மூட்டையில் குத்தி மாதிரி எடுக்கும் இரும்புக் குழாயோடு மண்டியில் சுற்றுவார். கல், தூசி, உமி எதுவுமே வராத மூட்டையைத்தான் சந்தேகப்படுவார். "இது நமக்குக் காட்டுறதுக்குன்னு கட்டின மூட்டைடா" என்பார். அந்த மூக்கு எனக்கும் வாய்த்திருந்தது. இரண்டாவது வாரத்திலேயே தெரிந்துவிட்டது, ஏழாம் மரத்தடியில் பாதி நேரம் ஆள் இல்லை என்று.

ஆனால் சொல்லவில்லை. ஏழாம் மரத்துக் காவலாளி என் தங்கை புருஷன். டாக்டரம்மாவிடம் நல்ல பையன், பொறுப்பானவன் என்று சொல்லி வேலையில் சேர்த்துவிட்டவன் நான். அது ஒரு காரணம்தான். அப்பாவிடம் இன்னொரு பாடமும் உண்டு. ஒருத்தன் திருட்டு தெரிந்தால் உடனே சொல்லாதே, சொல்லிவிட்டால் அன்றைக்கே செலவாகிவிடும், கையில் வைத்திருந்தால் ஒருநாள் உதவும் என்பார். மாப்பிள்ளை என்னை அவ்வளவாக மதிக்கமாட்டார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் எனக்கு முந்திக் கை கழுவிவிட்டு எழுந்துபோவார். அவர் எப்போதாவது எல்லை மீறிப் பேசும் நாளில் எடுத்து வீசலாம் என்று அந்த விஷயத்தை மடித்து வைத்திருந்தேன். சும்மா இரண்டு தடவை கூட்டி எழுதுகிறார், பறவைக்கு என்ன நஷ்டம் என்று என் மனசு கணக்கும் தீர்த்துவிட்டது.

நேரே தங்கை வீட்டுக்குப் போனேன். மத்தியானம் ஒரு மணி. மரத்தடியில் இருக்கவேண்டிய மாப்பிள்ளை வீட்டு முன்னறையில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். கழற்றிப் போட்ட சட்டையில் டீசல் நாற்றம்.

"என்ன மச்சான், வேகாத வெயில்ல?"

"திங்கக்கிழமையிலேர்ந்து மரத்துக்குப் போனீங்களா?"

"போகாம? நேத்துத் தாள்கூட உங்ககிட்டதானே குடுத்தேன்."

"தாள் வந்துச்சு. போனீங்களான்னு கேட்டேன்."

சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே இருந்தார். ஒரு பட்டன் தள்ளிப் போட்டுவிட்டு, அதைக் கழற்றி மறுபடி முதலிலிருந்து போட்டார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"லாரி ஓட்டப் பழகுறேன்" என்றார். "கீழ மைதானத்துல. இன்னும் பத்து நாள்ல டெஸ்ட்டு. காலையில ஒரு மணி நேரம் மரத்தடியில உக்காருவேன், அப்புறம் போயிட்டுச் சாயந்திரம் வருவேன். இந்த வாரம் ரெண்டு வேளையும் வண்டி கிடைச்சுது, அதனால... அது ஒழுங்கான பறவை மச்சான். கடிகாரம். பார்க்கவே வேணாம், எனக்கு மனப்பாடம்."

"கடிகாரம் திங்கக்கிழமை நின்னுபோச்சு" என்றேன். இறகைப் பற்றிச் சொன்னேன்.

அவர் உட்கார்ந்த நாற்காலியில் காய்ந்த துணி மடிக்காமல் கிடந்தது. அதன் மேலேயே உட்கார்ந்தார். கோபம் வந்தது. பயந்தவர்களுக்கு அதுதானே முதலில் கைக்கு எட்டும். "நீங்க வாங்கிக் குடுத்த வேலைதான? வருஷத்துல நாலு மாசம் மரத்தைப் பார்க்கணும், எட்டு மாசம் உங்க மூஞ்சியைப் பார்க்கணும். எனக்குன்னு ஒரு லைசென்ஸு வாங்கக் கூடாதா?"

தங்கை கையைத் துடைத்துக்கொண்டு வாசல்படியில் வந்து நின்றாள். புருஷனைப் பார்க்கவில்லை.

"உனக்கு எப்போ தெரியும் அண்ணா?"

"இன்னைக்குத்தான். டீக்கடையில."

"அதைக் கேக்கல. இவர் போறதில்லைன்னு."

"இன்னைக்குத்தான்" என்றேன் மறுபடியும். பொய் சொல்லும்போது நான் கண்ணிமைக்கமாட்டேன். அவளும் அதே அப்பாவுக்குப் பிறந்தவள்தான், அவளும் இமைக்கவில்லை.

"உள்ள அது அஞ்சு நாளா பட்டினி கிடக்குது. நீங்க ரெண்டு பேரும் இங்க நின்னு வாதாடிக்கிட்டிருங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

அப்போதே டாக்டரம்மாவிடம் போயிருக்கவேண்டும். நிலையம் பத்து நிமிஷ நடை. ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே யோசனை, ஒரே நேரத்தில் வந்தது. முதலில் மரத்தைப் பார்க்கலாம். செத்தது ஒருவேளை வேறு மரத்து ஆணாக இருக்கலாம். அப்படியே இல்லாவிட்டாலும், பெண் உயிரோடு இருந்தால் யாருக்கும் தெரியாமல் நாமே பழம் கொடுத்துத் தேற்றிவிடலாம். தாளில் இருக்கிற அறுபத்தி இரண்டு பழத்தை நாம் கொடுத்ததாக இருந்துவிட்டுப் போகட்டும். இப்படிக் காட்டோடுகூடப் பேரம் பேசினோம்.

மரத்தடியில் பழக்கொட்டைகள் சிதறிக் கிடந்தன. எல்லாம் காய்ந்தவை. பெண் பறவை எச்சத்தைக் கீறல் வழியாக வெளியே பீய்ச்சி அடிக்கும்; ஈரமான எச்சம் ஒரு சொட்டு இல்லை. எறும்புகள் வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தன. மாப்பிள்ளை அண்ணாந்து வாயருகே இரண்டு கையையும் குவித்து, ஆண் பறவை வந்ததும் கொடுக்கிற கனைப்பைக் கொடுத்துப் பார்த்தார். அச்சு அசலாக இருந்தது. அவர் நிஜமாகவே உட்கார்ந்திருந்த நாட்களில் நன்றாகத்தான் கவனித்திருக்கிறார்.

கீறலுக்குள் ஏதோ அசைந்தது. மஞ்சளாக ஒரு நுனி வெளியே வந்து, திறந்து, மூடி, மறுபடி திறந்தது. சத்தம் வரவில்லை.

"இருக்கு மச்சான்! இருக்கு!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்தன்றுகூட அவர் என் கையை அவ்வளவு இறுக்கிப் பிடித்ததில்லை.

பொந்து எழுபதடி உயரத்தில். ரோடு போடுகிறவர்களிடம் இரண்டு மூங்கில் வாங்கி வந்து ஒன்றோடு ஒன்று கட்டினோம். நுனியில் தகர டப்பா, அதில் நாலு அத்திப்பழம். தூக்கினால் மூங்கில் வளைந்து தலையாட்டியது. பாதி உயரத்தைத் தாண்டவில்லை. மூன்றாவது மூங்கிலைக் கட்டினோம். முடிச்சு நழுவி மொத்தமும் என் தோளில் விழுந்தது. ஒவ்வொரு தடவை டப்பா மேலே கிளம்பும்போதும் அந்த நுனி வெளியே வந்து திறக்கும். கீழே விழுந்ததும் உள்ளே போகும். நாலைந்து தடவைக்கு அப்புறம் வருவது நின்றுவிட்டது. அதற்கு எங்களைவிட வியாபாரம் தெரிந்திருந்தது.

வெளிச்சம் குறைந்தபோது மாப்பிள்ளை மூங்கிலைக் கீழே போட்டார். "டாக்டரம்மாகிட்ட கயிறு இருக்கு."

"இருக்கு."

"சொன்னா வேலை போயிடும்."

"ரெண்டு பேருக்கும்" என்றேன். எனக்கு ஏன் போகும் என்று அவர் கேட்கவில்லை.

டாக்டரம்மா வராந்தாவில் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைதான் சொன்னார். நின்றபடி, கையைக் கட்டிக்கொண்டு, லாரி, மைதானம், திங்கட்கிழமை, மூங்கில் எல்லாவற்றையும் சொன்னார். பாதியில் துடைப்பது நின்றது. அவர் திட்டுவார் என்று காத்திருந்தோம். அவர் உள்ளே போய் ஏழாம் மரத்துத் தாள்கட்டு முழுவதையும் எடுத்துவந்து மேஜையில் வைத்து, ஒரு பேனாவைத் திறந்து மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"எந்தெந்த நாள் நிஜமோ அதை மட்டும் வட்டம் போடுங்க."

ஐம்பத்தி நாலு தாள். மாப்பிள்ளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். சிலவற்றில் பேனா தாளுக்கு மேலே நின்று, யோசித்து, தொடாமல் தாண்டியது. எடுத்ததும் வட்டம் போட்ட முதல் வாரத்துத் தாள்களுக்கு அப்புறம் வெகுநேரம் தாள் புரளும் சத்தம் மட்டும்தான். பதினொன்று தேறியது.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே ஏத்துறீங்க. உங்களுக்குத் தெரியலையா?"

தெரியவில்லை என்று சொல்ல எல்லா வசதியும் இருந்தது. நம்பர்களைப் பார்த்து அடிக்கிறவனுக்குக் காடு எங்கே தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அவரும் நம்பியிருப்பார், மூன்று வருஷமாக நம்பியவர்தானே. எதிரே அந்தப் பதினொரு வட்டங்களும் ஈரம் காயாமல் இருந்தன.

"தெரிஞ்சுது" என்றேன்.

"எப்போலேர்ந்து?"

"ரெண்டாவது வாரத்துலேர்ந்து."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கடையில் பழகிய ஆளே தராசில் கை வைத்ததைக் கண்டவன் பார்க்கிற மாதிரி, கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் பார்த்தார்.

"தெரிஞ்சுமா மச்சான் ஒரு வார்த்தை சொல்லல? நீங்க ஒரு அதட்டு அதட்டியிருந்தா நான் போய் உக்காந்திருப்பேனே."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லும்படியான பதிலாக இல்லை.

"இருட்டிருச்சு, இப்ப ஏற முடியாது" என்றார் டாக்டரம்மா. "விடியும்போது மரத்தடியில இருங்க. பழம் பறிச்சுக்கிட்டு வாங்க. பழுத்தது." பூட்ஸை மறுபடி எடுத்தார். "பேசவேண்டியதை அப்புறம் பேசிக்கலாம்."

விடியும்போது மணிக்கூண்டும் வந்திருந்தான், கயிறு பிடிக்க. யாரும் அவனிடம் எதுவும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. ஆனால் மாப்பிள்ளைக்கு அருகில் நிற்காமல் நாலடி தள்ளியே நின்றான். டாக்டரம்மா முதலில் ஏறினார். கயிற்றில் ஏறும்போது அவருடைய முழங்கால் சொடுக்குவது கீழே கேட்டது. ஒரு கம்பியின் நுனியில் கட்டிய பொத்தான் அளவு கேமராவைக் கீறலுக்குள் விட்டு வெகுநேரம் பார்த்தார். இறங்கிவந்து இடுப்புப் பட்டையைக் கழற்றினார்.

"குஞ்சு போயிடுச்சு. ரெண்டு நாளாவது ஆகியிருக்கும்."

"தாயி?" என்றான் மணிக்கூண்டு.

"இருக்கு. நெஞ்செலும்பு தெரியுது. றெக்கையில இறகு பாதிதான் முளைச்சிருக்கு."

"சுவத்தை உடைச்சு வெளிய எடுத்துட்டா?" என்று கேட்டேன்.

"அதுக்கே உடைக்கத் தெரியும். உடைச்சா எங்க போகும்? அந்த இறகை வெச்சுக்கிட்டுக் கீழ்நோக்கித்தான் போகமுடியும்." பட்டையை மாப்பிள்ளையிடம் நீட்டினார். "அஞ்சு வாரம் ஆகும். விடிஞ்சதிலேர்ந்து இருட்டுறவரைக்கும். ஏறத் தெரியுமில்ல? பயிற்சி குடுத்தோமே."

மாப்பிள்ளை பட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டார். லாரி டெஸ்ட் பற்றி வாயைத் திறக்கவில்லை. நான் கூடையைக் கயிற்றில் கட்டினேன். அவர் ஏறுவதைப் பைனாகுலரில் பார்த்தேன். முதுகு முழுக்க வியர்வை. கீறலுக்குப் பக்கத்தில் போய்க் காலை ஊன்றிக்கொண்டு, கனைப்பைக் கொடுத்தார். ஒரு பழத்தை இரண்டு விரல் நுனியில் பிடித்து நீட்டினார். நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு மஞ்சள் நுனி வெளியே வந்து, அவர் விரலிலிருந்து பழத்தை மெதுவாக உருவிக்கொண்டு உள்ளே போனது.

"வாங்கிருச்சு!" என்று மேலேயிருந்து கத்தினார். மணிக்கூண்டு என் தோளில் அடித்தான், மூங்கில் விழுந்த இடத்தில்.

இரண்டாவது பழம். மூன்றாவது. நுனி வரும், வாங்கும், உள்ளே திரும்பும், வெறுமையாக வரும். ஆறாவது பழத்துக்கு அப்புறம் மாப்பிள்ளை கன்னத்தை மரப்பட்டையோடு ஒட்டவைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"திங்கல மேடம். முழுங்கவே இல்ல. உள்ள திரும்பி, குஞ்சு மேல வைக்குது. வாய்கிட்ட வெச்சு வெச்சுப் பார்க்குது."

தூரத்தில் ரோடு போடுகிறவர்களின் இயந்திரம் ஓட ஆரம்பித்தது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார், போட்டுக்கொண்டார்.

"குடுங்க" என்று மேலே பார்த்துச் சொன்னார். "நிறுத்தாதீங்க. குடுத்துக்கிட்டே இருங்க."

கூடை காலியாகிக் கீழே வந்தது. நிரப்பி அனுப்பினேன். மாப்பிள்ளை கையை நீட்டியபடியே இருந்தார். அலகு நுனி ஒரே மாதிரி வாங்கியது, திரும்பியது, வந்தது. பழத்தை எண்ணுவதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். வெயில் ஏறி பொந்து இருந்த பக்கத்துக்கு வந்தபோது, ஒரு பழத்தை வாங்கிய நுனி உள்ளே திரும்பாமல் நின்றது. பைனாகுலரைச் சரிசெய்தேன். கறுத்த கீறலில் மஞ்சள் அலகு, அதன் நுனியில் சிவப்பாக ஒரு அத்திப்பழம். விழுங்கவும் இல்லை, கொண்டுபோய் வைக்கவும் இல்லை. அதற்கு ஒரு சாண் தள்ளி, அடுத்த பழத்தைப் பிடித்தபடி மாப்பிள்ளையின் கை காற்றில் அப்படியே நின்றுகொண்டிருந்தது.